சாம்பல் இல்லாத இடம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாஸ்தா கோயிலில் ஒரு ஈ காக்கா இல்லை. தப்பு. காக்கா இருந்தது, ஈயும் மொய்த்தது. மனுஷர்தான் இல்லை.

அம்மா இடுப்பில் பித்தளைப் பானை. என் கையில் அரிசியும் கருப்பட்டியும் தேங்காயும் போட்ட பை. தம்பி முருகேசன் தோளில் விறகுக் கட்டு. தாமிரபரணிக் கால்வாய்க் கரையோரமாகப் பங்குனி வெயிலில் நடந்து வந்ததில் மூன்று பேருக்கும் நாக்கு வறண்டிருந்தது. கோயிலைச் சுற்றி மருத மரங்களுக்கு அடியில், பார்த்த இடமெல்லாம் மூன்று மூன்று கல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாம்பல். எச்சில் இலைகள், நசுங்கிய பிச்சிப்பூ, அடிப்பிடித்த கருப்பட்டியின் வாசனை. ஒரு பெரிய கூட்டம் உண்டு முடித்து எழுந்து போன இடம் என்று குருடனுக்குக்கூடத் தெரியும்.

கால்வாய்ப் படியில் பூசாரி விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கன இருந்து வாறீக?"

"பாளையங்கோட்டை."

"உத்திரம் நேத்துல்லா. நேத்தே முடிஞ்சு போச்சே."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலண்டரைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்துச் சொல்லியிருந்தேன், பங்குனி உத்திரம் இந்தக் கிழமை என்று. "அது இந்த ஊர் சாஸ்தாமாருக்கு. நம்ம சாஸ்தாவுக்குப் பௌர்ணமிதான். உங்க தாத்தா எனக்குச் சொல்லிட்டுத்தான் போனாரு" என்று காலண்டரை வாங்கி ஆணியில் திரும்ப மாட்டிவிட்டாள். உத்திரத்தன்று நிற்கக்கூட இடம் கிடைக்காத திருச்செந்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏட்டி, என்னை எதுக்கு முறைக்க? நேத்து இருந்த சாமி இன்னைக்கு எங்கன போயிருப்பாரு?" என்றாள் அம்மா.

விறகை எங்கே இறக்க என்று தம்பி கேட்டான். எல்லா இடத்திலும் கல் தயாராக இருந்தது, ஏதாவது ஒன்றில் பானையை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அம்மா ஏற்றவில்லை. ஒவ்வொரு மரத்தடியாகப் போய் நின்று குனிந்து பார்த்தாள். "இது அடுத்தவுக அடுப்படி. இதுவும் அடுத்தவுகது." இப்படியே சொல்லிக்கொண்டு போனவள், இருப்பதிலேயே பெரிய மருத மரத்துக்குத் தென்புறம் போய் நின்றுவிட்டாள்.

அந்த இடத்தில் மட்டும் சாம்பல் இல்லை. கல்லும் இல்லை. ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல், நசுங்கிக் கிடந்தாலும் கருகாமல் பச்சையாக. அதுவும் நல்ல நிழலில்.

"இங்கன போடுவோம்" என்றாள்.

பூசாரி விளக்கைப் போட்டுவிட்டு வேகமாக வந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மூன்று கல்லைக் கூட்டி வைத்துவிட்டு, அம்மா கும்பிட ஆரம்பித்துவிட்டாள். அம்மா கும்பிடுவதை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு எதுவும் பேச வராது. இரண்டு முட்டியையும் மடக்கி உட்கார்ந்து, குவித்த கையை நெற்றிக்குக் கொண்டுபோய், நெற்றியும் முழங்கையும் தரையில் படக் குனிந்து எழுவாள். மூன்று தடவை. கன்னம் இரண்டிலும் மஞ்சள் வெள்ளையாகத் தனக்கா அரைத்துப் பூசியிருப்பாள், பர்மாவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிற மரப்பட்டை அது.

"வேதக்காரங்களாம்மா?" என்றார் பூசாரி சந்தேகமாக. கிறிஸ்தவர்களா என்று அர்த்தம்.

"இல்லய்யா. நாங்க ரங்கூன்காரங்க."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு படிக்குத் திரும்பிப் போனார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்க சாஸ்தா எது?

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. ஆற்றங்கரையிலோ குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருப்பார். வருஷம் முழுக்க அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பங்குனி உத்திரத்தன்று மட்டும் பம்பாயில் இருப்பவன்கூட வந்துவிடுவான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுப்புப் போட ஒரு இடம் உண்டு, அப்பன் போட்ட இடத்தில்தான் மகன் போடுவான்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆபீஸில் அன்றைக்கு நாற்காலிகள் மட்டும்தான் வேலைக்கு வரும். மறுநாள் ஆளாளுக்கு ஒரு தூக்குவாளியில் பொங்கலோடு வருவார்கள். "உங்க சாஸ்தா எது அக்கா?" என்று யாராவது கேட்பார்கள். "ரொம்ப தூரம்" என்பேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. கடல் தாண்டி இருந்தார், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியாத தூரத்தில் இருந்தார். எத்தனை வருஷம்தான் ஒரே பதிலைச் சொல்வது. சாஸ்தா தெரியாத குடும்பம் என்றால் இந்த ஊரில் அட்ரஸ் இல்லாத வீடு மாதிரி.

பர்மாவில் எங்களைக் 'கலா' என்றார்கள். கடல் தாண்டி வந்த அந்நியன் என்று அர்த்தம், சொல்லும்போது லேசாக மூக்கைச் சுளிப்பார்கள். அங்கிருந்து துரத்திவிட்டார்கள், சரி, நம்ம ஊருக்குப் போகிறோம் என்று கப்பலேறி வந்தோம். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து 'பர்மாக்காரங்க'. ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒதுக்கிய வீடுகளுக்குப் பேரே பர்மா காலனி. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், இங்கே வந்ததும் பர்மாக்காரர்கள். நடுக்கடலில் இருந்த சில நாட்கள் மட்டும்தான் எங்களுக்கு எந்தப் பேரும் இல்லை, எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு இரண்டு பேர். வீட்டில் செல்லம்மாள், அந்த ஊர்க் கடைத்தெருவில் மா ஏ. அவள் பிறந்ததே அங்கேதான். பிறந்த வீட்டுச் சாமி எது என்று அவளுக்குத் தெரியாது, அவள் அம்மா அப்பாவுக்கும் தெரியாது. எல்லாம் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே கழுவிக்கொண்டு போய்விட்டது. கல்யாணம் ஆகி வந்தபோது என் தாத்தா, அதாவது அவள் மாமனார், வயல் வரப்பில் இருந்த ஒரு மண் பீடத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, "இதுதான் மடைக்கரை சாஸ்தா. இனிமே ஒனக்கும் இவருதான்" என்று சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்குத்தான் ஏட்டி எனக்குன்னு ஒரு சாமி கிடைச்சாரு" என்பாள். நகை போட்ட கதையைச் சொல்லும்போதுகூட அவள் முகம் அப்படி மலராது.

பிடிமண்

அந்தப் பீடம் வந்த கதையும் சொல்ல வேண்டும். பிழைக்க வெளியூர் போகிறவர்கள் சாஸ்தா கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துப் பீடம் கட்டினால் சாமி அங்கேயும் வந்துவிட்டார் என்று கணக்கு. தாத்தா சின்ன வயதில் மடியில் முடிந்து கொண்டுபோன பிடிமண் அது. ரங்கூனிலிருந்து படகில் போகிற ஒரு நெல்வயல் கிராமத்தில் எங்கள் சாஸ்தா சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் கிராமத்துக்குப் பஞ்சாங்கம் எங்கே வரும்? பங்குனி உத்திரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தா பக்கத்து வீட்டுப் பர்மாக்காரரைப் பார்த்தார். அவர்கள் பகோடாவில் அந்தச் சமயத்தில் ஒரு பௌர்ணமித் திருவிழா உண்டு. அவர்கள் விளக்கேற்றுகிற நாளில் நாமும் பொங்கி வைத்துவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டார். உத்திரமும் பௌர்ணமியும் சில வருஷம் ஒரே நாளில் வரும், சில வருஷம் ஒரு நாள் தள்ளிப் போகும். தாத்தா அந்த நுணுக்கத்தை எல்லாம் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அதுவே வேதவாக்கு.

அவள் முட்டி போட்டுக் கும்பிடுவதும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கற்றதுதான். எங்கள் சாஸ்தாவுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

இங்கே வந்த பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை. அம்மா காலனி முக்கில் மொய்ங்கா கடை போட்டாள். மீனை மசித்து, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவது. ஆரம்பத்தில் "பர்மாக்காரி புழு விக்கா" என்று பேசினார்கள். பிறகு அதே வாய்கள் வரிசையில் நின்றன. ருசி அப்படி.

சாஸ்தா பேர் தெரியும், இடம் தெரியாது. ஆயிரம் சாஸ்தாவில் மடைக்கரை சாஸ்தாவை எங்கே தேடுவது? தாத்தா யுத்த காலத்திலேயே அங்கே இறந்துவிட்டார். அப்பா அங்கேயே பிறந்தவர். 'ஆத்தங்கரை, மருத மரம்' என்பதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. தாமிரபரணிக் கரையில் மருத மரம் என்று அடையாளம் சொல்வதும், பள்ளிக்கூடத்தில் டிராயர் போட்ட பையன் என்று அடையாளம் சொல்வதும் ஒன்றுதான்.

கடைசியில் சாஸ்தாவைக் காட்டிக் கொடுத்தது வாழைத்தண்டு. கடைக்குத் தண்டு கொண்டுவருகிறவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர், நாங்கள் தண்டு அண்ணாச்சி என்போம். ஒரு நாள் தண்டுக் கட்டை இறக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது அவருக்கு. அம்மா தைலம் தேய்த்துவிட்டபடி, "மடைக்கரை சாஸ்தாவே, இவுகளுக்குக் கொணமாக்கு" என்று முணுமுணுத்திருக்கிறாள்.

"நீங்க எப்படி எங்க பக்கத்து சாமியக் கும்பிடுதீக?" என்றார் அண்ணாச்சி குப்புறக் கிடந்தபடியே.

அம்மா தைலப் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். அவர் இடுப்பு அன்றைக்கு அப்படியே பாதியில் நின்றது. அந்த வருஷம்தான் நாங்கள் ஒரு நாள் பிந்திப் போனது.

மண்ணு எங்கனயோ, அடுப்பு அங்கன

மறு வருஷம் அம்மா காலண்டருக்குக் கட்டுப்பட்டாள். உத்திரத்தன்றே போனோம். பஸ்ஸில் மூச்சுவிட இடம் இல்லை, எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. நாங்களும் சாஸ்தாவுக்குப் போகிறோம், ஆபீஸில் சொல்லிவிட்டு லீவு போட்டு வந்திருக்கிறேன்.

கோயிலில் ஊரே திரண்டிருந்தது. எல்லா அடுப்பும் புகைந்தது. எனக்குப் பெரிய மருத மரம் மட்டும் தெரிந்தது, அதற்குத் தெற்கே புல் தெரியவில்லை. அங்கே மூட்டையும் பையும் மலையாகக் குவிந்திருந்தன. நடுவில் சேலைத் துணி விரித்து நாலைந்து குழந்தைகள் தூங்கின.

கோயிலுக்குப் பெரிய மனுஷர் ஆறுமுகம் அண்ணாச்சி. மண்டபத்தில் நின்று யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போய்த் தாத்தா பேரைச் சொல்லி, அடுப்புப் போட இடம் கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி போட்டார்.

"உங்க மாமனாரு பிடிமண்ணு எடுத்துட்டுப் போனாரா?"

"ஆமா அண்ணாச்சி. பீடமே கட்டியிருந்தாரு." அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"அப்போ உங்களுக்குச் சாமி அங்கனல்லா. பிடிமண்ணு எடுத்துட்டுப் போனவுகளுக்கு இங்கன அடுப்பு கிடையாதும்மா. பம்பாய்க்காரங்க அப்படி எடுத்துட்டுப் போயி அங்கனயே கும்பிடுதாக. இது நான் வச்ச முறை இல்ல. சாமி கும்பிட்டுட்டுப் போங்க, யாரும் வேண்டாங்கல. பொங்கணும்னா வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் பொங்குங்க பர்மாக்காரம்மா."

பர்மாக்காரம்மா. கோயிலுக்குள்ளேயும் அதே பேர்.

வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் என்றால் ரோட்டோரம். நிழல் கிடையாது. பஸ் போகிற புழுதி முழுக்கப் பொங்கல் பானையில். நாலு பிள்ளைகள் வந்து அம்மா கன்னத்தைப் பார்த்து, "மூஞ்சில சுண்ணாம்பு, மூஞ்சில சுண்ணாம்பு" என்று பாடிவிட்டு ஓடின. எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையைத் தூக்கிக்கொண்டு துரத்தப் போனேன். "பொங்கல் பொங்கும்போது எந்திரிக்காத" என்று அம்மா உட்கார வைத்துவிட்டாள். இந்த ஊர் எங்களுக்கு வேண்டாம், இந்தச் சாமியும் வேண்டாம் என்று அன்றைக்கு மனசுக்குள் தலைமுழுகினேன். சத்தியமாகத்தான் தலைமுழுகினேன்.

கிளம்பும்போது அம்மா திரும்பவும் ஆறுமுகம் அண்ணாச்சியிடம் போனாள். சண்டைக்குப் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவள் மெல்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முறை அதுதானா அண்ணாச்சி? மண்ணு எங்கன இருக்கோ அங்கனதான் அடுப்பா?"

"ஆமாம்மா. மண்ணு எங்கனயோ, அடுப்பு அங்கன" என்றார் அவர். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அம்மா சிரித்த முகமாகப் பஸ் ஏறினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பால் டின்

"எதுக்குச் சிரிக்க? நடுரோட்டுல பொங்க வச்சதுக்கா?" என்றேன்.

"ஏட்டி, நம்ம வீட்டுல விளக்குப் பக்கத்துல ஒரு பால் டின் இருக்கே, அதுல என்ன இருக்கு?"

எனக்குச் சுரீர் என்றது.

கப்பல் ஏறிய கதையை மேலே சொன்னபோது ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அதன் இடம் இதுதான் என்பதால். துறைமுகத்தில் சோதனை போட்டார்கள். அம்மாவின் தோடு, என் கொலுசு, தம்பியின் அரைஞாண் எல்லாம் போயிற்று. கடைசியில் துணியால் வாய் கட்டிய ஒரு பழைய பால் டின்னைப் பிரித்தார்கள். உள்ளே மண். சோதனைக்காரன் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். தங்கம் இல்லை, ரத்தினக் கல் இல்லை. மண்ணை எதற்குக் கொண்டுபோகிறாய் என்று பர்மியப் பாஷையில் கேட்டான்.

"இது எங்க ஊர் மண்ணு, ஊருக்குப் போகுது" என்று அம்மாவும் அதே பாஷையில் சொன்னாள். அவன் சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டான். நகையை எல்லாம் எடுத்துக்கொண்டவன் அதை மட்டும் கொடுத்துவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் தனியாகப் போய்ப் பீடத்தைச் சுரண்டி எடுத்த மண் அது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. காய்ச்சல் வந்தால் அதில் ஒரு துளி எங்கள் நெற்றிக்கு வரும். பரீட்சைக்குப் போகும்போதும் வரும். தினமும் பார்த்துப் பார்த்து அது என் கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

"அதை அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"டின்ன கையில கொண்டாரல. வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா?"

"சரி, நாளைக்கே போய் அவரு வீட்டுல காட்டுவோம்."

"கூட்டத்துல இல்லைன்னு சொன்னாரு. கூட்டத்துலதான் ஆமான்னு சொல்லணும்."

அதற்கு ஒரு வருஷம் காத்திருந்தாள். அவள் சந்தோஷமாகக் காத்திருந்தாள், நான்தான் கொதித்துக்கொண்டு கிடந்தேன்.

சலிச்சுப் பிரிங்க

மூன்றாவது வருஷ உத்திரம். கூட்டம் அதே கூட்டம், வெயில் அதே வெயில். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கன்னத்தில் தனக்கா வழக்கத்தைவிடத் தாராளமாக. "இன்னைக்கு மட்டுமாவது வேண்டாம்மா" என்று கெஞ்சினேன். "பூசாம போனா சாஸ்தா யாருன்னு கேப்பாரு" என்றுவிட்டாள்.

நேரே மண்டபத்துக்குப் போய் ஆறுமுகம் அண்ணாச்சிக்கு முன்னால் டின்னை வைத்தாள். துணியை அவிழ்த்தாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மண்ணு எங்கனயோ அடுப்பு அங்கனன்னு சொன்னீக. மண்ணு இங்கன வந்துட்டு அண்ணாச்சி."

அவர் ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கோபமில்லை. ஒரு மனுஷன் நிஜமாகவே யோசிக்கிற முகம்.

"மண்ணு போன கதை நெறைய கேட்டிருக்கேன். திரும்பி வந்த கதை கேட்டதில்லையே" என்றார்.

பின்னாலிருந்து ஒரு இளந்தாரி குரல் கொடுத்தான். "எந்த ஊரு மண்ணோ, யாரு கண்டா? ரங்கூன் மண்ணுதான பாதி இருக்கும்?"

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "பாதியில்ல தம்பி. முக்காவாசி ரங்கூன் மண்ணுதான். பீடத்தோட சேத்துச் சுரண்டுனது. அந்தச் சேத்துலதான் உங்க சாமி இத்தனை வருஷம் உக்காந்திருந்தாரு. ஒரு சல்லடை கொண்டா. சலிச்சுப் பிரி. உங்க மண்ண நீங்க வச்சுக்கிடுங்க, ரங்கூன் மண்ண எனக்குத் திருப்பித் தந்துருங்க."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. அந்த இளந்தாரியும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். நான் அண்ணாச்சி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் சிரிக்கவில்லை.

"சரிம்மா. மண்ணு வந்துட்டு, ஒத்துக்கிடுதேன். முறைப்படி அடுப்பு உண்டு. ஆனா இடத்துக்கு எங்கன போவேன்? பாருங்க, ஒரு முழம் இல்ல. யாரு அடுப்ப எடுத்துட்டு உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுதீக?"

நியாயமான கேள்விதான். போச்சு, திரும்பவும் ரோட்டோரம் என்று நினைத்தேன்.

அம்மா கையை நீட்டினாள். "பெரிய மருத மரத்துக்குத் தெக்க யாரு அடுப்பு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டைகள், பைகள், தூங்குகிற குழந்தைகள்.

"அங்கன யாரும் போடுறதில்லம்மா. சாமான் வைக்கிற இடம்."

"ஏன் போடுறதில்ல? இவ்வளவு நெருக்கடியில அவ்வளவு நல்ல நெழலு?"

எங்க ஐயா போட மாட்டாரு என்று ஒருவர் சொன்னார். அங்கன போடக்கூடாதுன்னு எங்க அத்தை சொல்லுவா என்று ஒரு பெண் சொன்னாள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"நாங்க முதல்ல ஒருநா பிந்தி வந்தோம்" என்றாள் அம்மா. "எல்லா இடத்துலயும் சாம்பலு. அங்கன மட்டும் புல்லு. யாரு இடமோ விட்டு வச்சிருக்காகன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. பூசாரி அய்யாகிட்ட கேளுங்க."

பூசாரி முன்னால் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா. அங்கனதான் அடுப்பு கூட்டினாக. இது ரங்கூன் போனவுக அடுப்படி, வேற யாரும் தீ வைக்கக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. அதைச் சொல்லித் தடுக்கத்தான் ஓடி வந்தேன். வந்தவுக ரங்கூன்காரங்கன்னு சொல்லிட்டாக. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? பேசாம போயிட்டேன்."

இந்த மனுஷன் இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? போன வருஷமே சொல்லியிருந்தால் புழுதிப் பொங்கல் தின்றிருக்க மாட்டோம். பிறகு ஒரு நாள் நான் அதைக் கேட்டும் விட்டேன். "என்னைய யாரும் கேக்கலியே தாயி" என்றார்.

ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. தாத்தா கப்பலேறிய நாளிலிருந்து எங்கள் இடத்தில் வேறு ஒருவரும் தீ மூட்டவில்லை. ஏன் என்று மறந்துபோன பிறகும் மூட்டவில்லை. நாங்கள் அங்கே கலா, இங்கே பர்மாக்காரங்க என்று பொருமிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், தாமிரபரணிக் கரையில் ஒரு பாய் அகலத்துக்கு எங்களுக்காகப் புல் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை. உத்திரத்தன்றே சரியாக வந்திருந்தால் மூட்டைக்கு அடியில் கிடந்த புல்லை நாங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறோம்? அம்மாவின் தப்புக் கணக்குதான் சரியான கதவைத் திறந்தது.

ஆறுமுகம் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பால் டின்னை எடுத்தார். சன்னதிக்கு முன்னால் கொண்டுபோய்த் தரையில் கொட்டி, உள்ளங்கையால் தடவி, அங்கே இருந்த மண்ணோடு கலந்துவிட்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மதினி, போயி அடுப்பக் கூட்டுங்க. பால் பொங்குற நேரம் தப்பிரப் போவுது."

மதினி. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற பங்காளியின் பெண்சாதிக்குச் சொல்லுகிற சொல். அம்மா அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை தூரம் வந்தவள் மாதிரி ஒரு கணம் நின்றாள்.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. நிமிஷத்தில் மூட்டைகள் பறந்தன. தூங்கின பிள்ளைகளை ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு போனார்கள். எந்த ஊரு மண்ணோ என்று கேட்ட அந்த இளந்தாரிதான் வாய்க்காலில் இறங்கி மூன்று கல் பொறுக்கிக்கொண்டு வந்தான். "மதினி, இது போதுமா, இன்னும் பெருசா வேணுமா?" என்று அவனும் ஆரம்பித்துவிட்டான். பக்கத்து அடுப்புக்காரி தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து எங்கள் விறகில் செருகினாள். முருகேசன் ஊதி ஊதிப் பற்ற வைத்தான், அவன் கண்ணில் வழிந்தது முழுக்கப் புகையால் அல்ல.

பால் கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தது. நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் குலவை போட்டார்கள், எங்கள் பானைக்கு. மூஞ்சில சுண்ணாம்பு பாடிய பிள்ளைகளில் ஒருத்தி வந்து அம்மாவிடம் கன்னத்தைக் காட்டி நின்றாள். அம்மா டப்பியைத் திறந்து அவளுக்கும் பூசிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு வரிசையே நின்றது. சாயங்காலம் கோயிலில் பாதிப் பிள்ளைகள் மா ஏயின் பர்மாக் கடைத்தெருவில் இருந்து வந்தவர்கள் மாதிரி திரிந்தார்கள்.

மறுநாள் காலை

அன்றைக்குத் தண்டு அண்ணாச்சி வீட்டில் தங்கிவிட்டோம். விடிந்ததும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன், எனக்கு ஆபீஸ் போக வேண்டும். அம்மா வரமாட்டேன் என்றாள். கோயிலுக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம்.

போனோம். ஈ இருந்தது, காக்கா இருந்தது, மனுஷர் இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் மூன்று கல், நடுவில் சாம்பல். அம்மா எதையும் குனிந்து பார்க்கவில்லை. நேரே பெரிய மருத மரத்துக்குத் தெற்கே போனாள்.

அங்கேயும் மூன்று கல். நடுவில் சாம்பல்.

குத்தவைத்து உட்கார்ந்து அதில் கையை வைத்துப் பார்த்தாள். "இன்னும் சூடு இருக்கு ஏட்டி" என்றாள். ஒரு துளி எடுத்து என் நெற்றியில் இட்டாள். பிறகு சன்னதியைப் பார்த்து முட்டி மடக்கி உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வருஷமும் உத்திரம் முந்தி, பௌர்ணமி பிந்தி. தாத்தா கணக்குக்கு இன்றைக்குத்தான் திருநாள்.

நானும் அவள் பக்கத்தில் முட்டி போட்டேன். நெற்றி தரையில் பட மூன்று தடவை.

கால்வாய்ப் படியிலிருந்து பூசாரி விளக்குத் தேய்த்தபடியே குரல் கொடுத்தார். "உத்திரம் நேத்தே முடிஞ்சு போச்சேம்மா."

"தெரியும்யா" என்றாள் அம்மா. "எங்க அடுப்படியப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."